ஆமையின் பெயரில் வாழும் செல்வி விஜயா

பெண்கள் அடியெடுத்து வைக்காத துறை இன்று அரிது. மருத்துவத்தில், விண்வெளியில், நீதிமன்றத்தில், விளையாட்டில் பெயர் பெற்ற பெண்மணிகளைப் பற்றி நம் ஆண்டு மலரில் பலரும் எழுதியிருக்கின்றனர். ஆனால் பாம்பையும் ஆமையையும் அறிந்துகொள்வதே தன் வாழ்வின் பணி என்று புறப்பட்டுச் சென்ற ஒரு கல்லூரி மாணவியைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆராய்ச்சியாளர் என்று அறிஞர்கள் போற்றும் செல்வி ஜெ. விஜயா அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்னும் எண்ணம் எனக்குத் திடீரென்று எழுந்ததன்று. அதற்குக் காரணம் ஓர் ஆமை.

சென்ற ஐப்பசி மாதத்தில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது அல்லவா? மூன்றாம் நாள் காலையில் எட்டாம் வகுப்பு மாணவியர் நால்வர், கைகால் எல்லாம் சேறாக, ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு விலங்கியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தனர். வாளிக்குள் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் ஆமை! அம்பத்தூரிலிருந்து ஆவடி செல்லும் சாலையில், பேருந்துகளுக்கு நடுவே அது மெதுவாகக் கடந்துகொண்டிருந்ததாம். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்னும் பழமொழியைச் சொல்லி ஆயா அம்மாள் வாசலிலேயே தடுத்திருக்கிறார். பிள்ளைகள் கேட்கவில்லை. நல்ல வேளை!

அது பாலாமை. ஓட்டின் மேல் கடினமான செதில்கள் இல்லாமல் வழவழப்பான தோல் போர்த்திருக்கும். பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டதும் வயிற்றுப் பக்கத்தில் உள்ள இரண்டு தோல் மடிப்புகள் கதவுபோல மூடிக்கொள்ளும். தமிழ்நாட்டு ஏரி, குளம், வயல் வாய்க்கால் எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் சாதாரணமாகக் காணப்பட்ட பிராணி. தவளை, நத்தை, செத்த மீன், நீர்ச்செடி என்று எதையும் தின்று தண்ணீரைத் துப்புரவாக வைக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இடம்பெற்றுள்ள முதல் அட்டவணையிலேயே இதுவும் உள்ளது. ஆகவே வீட்டில் வளர்ப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். வனத்துறையினருக்குச் சொல்லி, அவர்கள் வந்து எடுத்துச் செல்லும்வரை அந்த வாளியைச் சுற்றி நின்ற கூட்டத்துக்கு நான் சொன்ன கதையைத்தான், சற்று விரிவாக, இங்கே எழுதுகிறேன்.

விஜயா 1959-இல் பிறந்தவர். சென்னையில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1978-ஆம் ஆண்டில், கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணைக்குச் சென்று, ஊதியம் ஏதும் இன்றித் தொண்டராகப் பணி செய்ய முன்வந்தார். பத்தொன்பது வயதுப் பெண் பாம்புக் கூண்டைத் துப்புரவு செய்யவும், தவளையும் எலியும் இரையாகப் போடவும் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் இன்றைக்கே எத்தனை தாய்மார் சம்மதிப்பார்கள்? இந்த மலரைப் படிக்கும் பெற்றோர் மனத்துக்குள் விடை சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பாம்புப் பண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ராமுலஸ் விட்டேக்கர் என்பவர் தொடங்கிய அந்நிறுவனம் 1972 முதல் கிண்டியில் இயங்கி வருகிறது. நம் பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அதற்கு முன்பு பாம்பு என்றால் இரண்டே வழி: அடித்துக் கொல்வது, அல்லது தோலுக்காகப் பிடிப்பது. நம் நாட்டிலிருந்து கைப்பைகளும் காலணிகளும் செய்வதற்காகப் பாம்புத் தோல்கள் இலட்சக்கணக்கில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. சாரைப்பாம்பும், ஏரிகளில் வாழும் நஞ்சற்ற தண்ணீர்ப் பாம்பும் அவ்வாறு அழிந்தன. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதிகளில் வாழும் இருளர் மக்கள் அந்தத் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். ஏற்றுமதி தடைசெய்யப்பட்டபின் அவர்கள் பிழைப்பு போயிற்று. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, நச்சுமுறி மருந்து செய்ய அனுப்பி, மீண்டும் பாம்பைக் காட்டில் விட்டுவிடும் தொழில் அவர்களுக்குக் கிடைத்தது. விஜயா கிண்டிக்கு வந்த ஆண்டும் அதே ஆண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னாளில் விஜயாவின் ஆமை ஆராய்ச்சிக்கு அதுவே நிலைக்களமாயிற்று.

பட்டம் பெற்றபின் அவருக்கு வேறு வேலை தேடும் எண்ணம் வரவில்லை. ஆமைகளே அவர் மனத்தைக் கவர்ந்தன. அந்நாளில் இந்தியாவின் நன்னீர் ஆமைகளைப் பற்றிப் புத்தகங்களில் இருந்தவை பெரும்பாலும் பழைய ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகள். எந்த ஆமை எந்த ஆற்றில் இன்னும் உயிரோடிருக்கிறது, எங்கே விற்கிறார்கள், எப்போது முட்டையிடுகிறது என்று நேரில் சென்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்டு மோல் அப்போது உலக நன்னீர் ஆமைகளைக் காக்கும் முயற்சிகளில் முன்னின்றவர். அவருடைய பணியோடு இணைந்து விஜயா நாடெங்கும் பயணம் செய்தார். இரயிலில் மூன்றாம் நாள் விடியலில் இறங்கி, மீன் சந்தையில் நின்று, கூடைகளில் கவிழ்த்துப் போட்டிருக்கும் ஆமைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை அது. எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. தனியாகச் செல்லும் இளம்பெண்ணுக்கு, மொழி தெரியாத ஊர்களில், அது எப்படியிருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பயணங்களில் ஒன்று அவரை மேற்கு வங்கத்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றது. திகா என்னும் ஊரை ஒட்டிய கரையில், நம் சென்னைக் கடற்கரையிலும் தை, மாசி மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள், வலைகளில் ஆயிரக்கணக்கில் பிடிபட்டு இறைச்சிக்காகக் குவிக்கப்பட்டிருந்தன. விஜயா அக்காட்சியைப் புகைப்படம் எடுத்தார். 1982-இல் இந்தியா டுடே இதழில் அச்செய்தி படங்களோடு வெளிவந்தது. பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அதைக் கண்டு, முட்டையிட வரும் ஆமைகளைக் காக்கும்படி கடலோரக் காவல் படைக்குக் கட்டளையிட்டார். ஒடிசாவின் கடற்பரப்பில் இன்றும் ஆமைக் காலத்தில் கடலோரக் காவல் படையின் கப்பல்கள் சுற்றி வருகின்றன. இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் கையில் இருந்த ஒரு காமிரா!

இனி நம் பாலாமைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே என்பதால் சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்தருள்க.

பாலாமையின் முட்டை கோலிக் குண்டுபோல உருண்டையாக, கெட்டியான ஓடுடன் இருக்கும். ஏரிக்கரையின் இளகிய மண்ணில் குழி தோண்டி, முட்டையிட்டு மூடிவிட்டுத் தாய் ஆமை தண்ணீருக்குப் போய்விடும். கோழி முட்டை இருபத்தொரு நாளில் பொரிக்கிறது. இந்த முட்டையோ ஒன்பது மாதம், பத்து மாதம்கூட மண்ணுக்குள் கிடக்கும். முட்டைக்குள் கரு தோன்றியதும் வளராமல் நின்றுவிடுகிறது. செத்துவிடவில்லை, உறங்குகிறது. காலம் கனிந்தபின் மீண்டும் வளரத் தொடங்குகிறது. இந்த உறக்கத்தைக் கலைப்பது எது? விஜயா முட்டைகளை வைத்துச் சுற்றுப்புறத்தின் வெப்பநிலையை மாற்றி மாற்றிப் பார்த்தார். கருவின் உறக்கத்துக்கும் வெப்பநிலை மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, முதலைப் பண்ணை வெளியிட்டு வந்த ஹமாட்ரியட் என்னும் இதழில் 1983-இல் எழுதினார்.

இதில் என்ன வியப்பு என்று கேட்பீர்கள். மாணவியரே, நம் ஊரின் நாட்காட்டியை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஏரி நிரம்பும். தை, மாசியில் இதமான குளிர். பங்குனியிலிருந்து வெயில் ஏறி, தண்ணீர் கரையை விட்டு உள்வாங்கும். அக்கினி நட்சத்திரத்தில் ஏரியின் தரை பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடித்த மண்ணில் ஒரு குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்தால் என்ன ஆகும்? இறுகிய மண்ணைக் கிழித்து வெளிவர அதற்கு வலிமை போதாது. வந்தாலும் தண்ணீர் இல்லை, இரையும் இல்லை. ஆகவே கரு காத்திருக்கிறது. வெப்பமும் குளிர்ச்சியும் மாறி வருவதைக் கொண்டு அது காலத்தை அறிகிறது. மழை வந்து மண் இளகும் காலத்தை ஒட்டி வெளியேறுகிறது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த முட்டை என்று பிள்ளைகளிடம் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வளர்ந்த ஆமைக்கும் அதே கணக்குத்தான். ஏரி வற்றும்போது பாலாமை அடிச்சேற்றில் புதைந்து கோடை முழுவதும் அசையாமல் கிடக்கும். மழை பெய்ததும் எழுந்து, தண்ணீர் உள்ள இடம் தேடிக் கரையைத் தாண்டி நடக்கும். வாளியில் வந்த ஆமை அப்படி நடந்ததுதான். அது வழி தவறி நம் சாலைக்கு வரவில்லை. அதன் வழியில் நாம்தான் சாலை போட்டிருக்கிறோம்.

நம் வட்டாரத்து ஏரிகள் தனித்தனிப் பாத்திரங்கள் அல்ல. படிக்கட்டுப் போல ஒன்றுக்கொன்று தாழ்ந்து அமைந்தவை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கொரட்டூர் ஏரிக்குப் போகும். கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு. இவ்வாறு இணைக்கும் கால்வாய்கள் தண்ணீருக்கு மட்டும் வழி அல்ல. மீன், தவளை, தண்ணீர்ப் பாம்பு, ஆமை எல்லாம் அவ்வழியே ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குக் குடிபெயர்ந்தன. ஓர் ஏரி வற்றி அதிலுள்ள உயிர்கள் மடிந்தாலும், மேலிருந்து வரும் மழைநீரோடு புதிய குடிகள் வந்து சேரும். பூந்தமல்லிக்கு அருகில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரி பரந்து விரிந்து கடல்போல் காட்சி தருவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதில் 3,645 மில்லியன் கன அடித் தண்ணீர் கொள்ளும். சென்னை மாநகரம் குடிக்கும் நீரில் பெரும் பங்கு அதிலிருந்து போகிறது. அத்தனை பெரிய ஏரியும் சுற்றிலும் உள்ள சிறிய ஏரிகளின் உபரி நீரையும் வாய்க்கால்களையும் நம்பித்தான் நிரம்புகிறது.

1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. நம் பெற்றோரில் பலர் அவற்றை நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள். நானும் அவ்வாறு வந்த ஒரு தொழிலாளியின் மகள்தான். ஆகவே அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் வயல்கள் மனைகளாயின. மனைகளாகிவிட்டபின் மதகு திறந்து தண்ணீர் பாய்ச்ச ஆயக்கட்டு இல்லை. ஆயக்கட்டு இல்லையென்றால் ஆண்டுதோறும் வாய்க்காலைத் தூர்வாரும் குடிமராமத்தும் இல்லை. வாய்க்காலில் வீட்டுக் கழிவுநீர் ஓடத் தொடங்கியது. கோடையிலும் வற்றாத, உயிர்க்காற்று குறைந்த, ஆகாயத்தாமரை மூடிய கறுப்புத் தண்ணீர். பார்ப்பவர்கள், ஏரியில் தண்ணீர் இருக்கிறதே என்பார்கள். ஆமைக்கு வேண்டியது தண்ணீர் மட்டும் அன்று. தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும், இறங்கியபின் வெளிப்படும் இளகிய கரையும் அதற்கு வேண்டும்.

ஏரிகளைச் சீர்செய்யும் நல்ல பணிகளும் நடந்து வருகின்றன. ஆவடி பருத்திப்பட்டு ஏரி 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டதும், மாலையில் முதியவர்களும் குழந்தைகளும் அங்கே நடப்பதும் மகிழ்ச்சிக்குரியவை. நானும் ஞாயிறு மாலைகளில் அங்கே போகிறேன். ஆனால் எந்த ஏரியானாலும், கரை முழுவதையும் செங்குத்தாகக் கல் பதித்துக் கட்டிவிட்டால் முட்டையிட ஏறிவரும் தாய் ஆமைக்கு வழியில்லை. கரையோரத்துப் புல்லையும் கோரையையும் அடியோடு நீக்கிவிட்டால் தண்ணீர்ப் பாம்புக்கு மறைவிடம் இல்லை. கோடையில் பொக்லைன் இயந்திரம் வண்டலை அள்ளும்போது சேற்றுக்குள் உறங்கும் பாலாமையும் அள்ளப்படுகிறது. கரையில் ஒரு பக்கத்தையாவது சரிவாக, மண்ணாக, செடிகொடிகளோடு விட்டுவைக்கலாம். தூர்வாரும்போது ஒரு பகுதியை இந்த ஆண்டும் மறு பகுதியை அடுத்த ஆண்டும் எடுக்கலாம். இவற்றுக்கெல்லாம் பெரும் பொருட்செலவு ஆகாது. ஆமை எப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். விஜயா ஒரு முட்டையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தது வீண் வேலை அன்று என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன். 2021-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பாலாமையை அழிவை நோக்கிச் செல்லும் உயிரினங்களில் சேர்த்தது. விஜயா முட்டைகளை ஆராய்ந்த நாளில் அது எல்லாக் குட்டையிலும் கிடைத்த பிராணி.

இனி, விஜயாவின் பெயரை உலகறியச் செய்த நிகழ்ச்சிக்கு வருவோம். அதன் தொடக்கமும் நம் சென்னையில்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஹெண்டர்சன் என்னும் அறிஞர், 1912-இல் ஒரு புதிய ஆமையைப் பற்றி எழுதினார். அன்றைய கொச்சி சமஸ்தானத்துக் காடுகளில் கவளை என்னும் இடத்தருகே கிடைத்த இரண்டே ஆமைகள். அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகள் எந்த ஆராய்ச்சியாளர் கண்ணிலும் அது படவில்லை. அது அழிந்தே போயிருக்கலாம் என்றும் எண்ணியவர்கள் உண்டு.

1982-இல் விஜயா அந்தக் காடுகளுக்குச் சென்றார். அங்கே வாழும் காடர் என்னும் பழங்குடியினரிடம் விசாரித்தார். புத்தகத்துக்குத் தொலைந்துபோன ஆமை காடர்களுக்குத் தொலையவே இல்லை! அவர்கள் அதைச் சூரல் ஆமை என்று அறிந்திருந்தனர். சூரல் என்றால் பிரம்பு. பிரம்புப் புதர்கள் மண்டிய ஈரக்காட்டில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் வாழும் சிறிய ஆமை அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். முகத்தில் மஞ்சளும் சிவப்புமாக அழகிய வண்ணம். ஏரி ஆமைகளுக்கு உறவுக் குடும்பமாயினும் இது தண்ணீருக்குள் வாழ்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுத் தரையில் எப்போதும் தங்கியிருக்கும் ஈரமே இதற்கு ஏரி. அந்த மரங்களை வெட்டித் தேக்கோ ரப்பரோ நட்டு வெயில் தரையில் விழும்படி செய்துவிட்டால், ஆமையை ஒருவரும் தொடாமலே ஆமை போய்விடும். காடர்களின் துணையோடு விஜயா அதை உயிருடன் கண்டுபிடித்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின்!

கண்டுபிடித்ததும் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். பெயரும் புகழும் அதற்கே கிடைத்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. மீண்டும் அக்காட்டுக்குச் சென்று, ஒரு குகையைத் தங்குமிடமாகக் கொண்டு, காடர் மக்களோடு பழகி, அந்த ஆமை என்ன தின்கிறது, எங்கே ஒளிகிறது, எப்போது நடமாடுகிறது என்று நாள் நாளாகக் கவனித்துக் குறித்தார். மழைக்காட்டில் அட்டைக்கடி எப்படிப்பட்டது என்று வால்பாறைக்குச் சுற்றுலா சென்று வந்த நம் ஒன்பதாம் வகுப்பு மாணவியரைக் கேட்டால் கண்ணீர் மல்கச் சொல்வார்கள். அவர்கள் அங்கே இருந்தது ஒரு பிற்பகல்.

பேராசிரியர் மோல், குரூம்பிரிட்ஜ் ஆகியோருடன் சேர்ந்து விஜயா எழுதிய கட்டுரை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1986-இல் வெளிவந்தது. அந்த ஆமையின் உருவமும் வாழ்க்கையும் அதில் புதிதாக விவரிக்கப்பட்டன. இன்றும் அந்த ஆமையை ஆராயப் புகுபவர்கள் அக்கட்டுரையைப் படிக்காமல் தொடங்க முடியாது.

மறு ஆண்டு, 1987-இல், அவர் நேசித்த காட்டிலேயே அவருடைய உயிரற்ற உடல் கண்டெடுக்கப்பட்டது. முப்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை. ஆராய்ச்சிப் பணியின் வெளிச்சத்தை மட்டும் பேசி அதன் தனிமையைப் பேசாமல் விட்டுவிடுவது முறையன்று என்று எனக்குத் தோன்றுகிறது. அந்நாளில் இத்துறையில் அவருக்கு முன்னால் நடந்துசென்ற பெண் ஒருவரும் இல்லை. சோர்ந்தபோது பேசிக்கொள்ள, அதே வழியில் சென்ற ஓர் அக்காள் இல்லை. இன்று கடற்கரையிலும் காட்டிலும் ஆமைகளையும் பாம்புகளையும் ஆராயும் பெண்கள் நம் நாட்டில் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கெல்லாம் அக்காளாக இருந்திருக்க வேண்டியவர் அவர்.

ஹெண்டர்சன் பெயரிட்ட அந்த ஆமையைப் பின்னர் வந்த அறிஞர்கள் ஒரு பேரினத்திலிருந்து மற்றொரு பேரினத்துக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தனர். எதிலும் அது சரியாகப் பொருந்தவில்லை. 2006-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, இது தனியான ஒரு பேரினம் என்று முடிவு செய்தனர். புதிய பேரினத்துக்குப் புதிய பெயர் வேண்டுமல்லவா? விஜயாசெலிஸ் என்று வைத்தார்கள். செலிஸ் என்றால் கிரேக்க மொழியில் ஆமை. விஜயாவின் ஆமை! அந்தப் பேரினத்தில் உள்ளது அந்த ஒரே இனம்தான். உயிரினங்களுக்கு ஆராய்ச்சியாளர் பெயரைச் சூட்டும்போது பெரும்பாலும் குடும்பப் பெயரைச் சூட்டுவது வழக்கம். இங்கே நம் வீடுகளில் அம்மாவும் அத்தையும் கூப்பிட்ட பெயரே நிலைத்துவிட்டது.

இதை எழுதும்போது ஒரு சந்தேகம் வந்து, பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். முன்பெல்லாம் வகுப்புக்கு இரண்டு விஜயாக்கள் இருப்பார்கள். இந்த ஆண்டு பள்ளி முழுவதிலும் ஒருத்திகூட இல்லை. வாளியைத் தூக்கி வந்த நால்வரும், வனத்துறை வண்டி ஏறும்வரை அந்தப் பாலாமையை விஜயா என்றே அழைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஆணா பெண்ணா என்று நான் பார்த்துச் சொல்வதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது.